கண்ணாடிக் கதவை உடைத்தவருக்கு நன்றி

விழாத் தலைவர் அவர்களே, இந்த ஊரின் சன்னல்களுக்கெல்லாம் வெளிச்சம் விற்ற கண்ணாடி வணிகப் பெருமகனாரே! என்னைப் பேச அழைத்துவிட்டு, என்ன சொல்லித் தொலைக்கப் போகிறேனோ என்று கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருக்கும் மருத்துவரே, என் உடன்பிறந்த தங்கையே! சிறப்பு விருந்தினராக வந்திருந்தும் நாற்காலியின் விளிம்பில் மட்டுமே அமர்ந்திருக்கும் காய்கறி லாரியின் ஓட்டுநர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! முந்தி வந்து நிழல் பார்த்து இடம்பிடித்த தாய்மார்களே! தாய்மார்கள் தள்ளிவிட்டதால் வெயிலில் வாடும் தந்தைமார்களே! எழுந்து போக வசதியாகக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தொலைநோக்குச் சிந்தனையாளர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியர் என்னை ‘ஏழைகளின் விடிவெள்ளி’ என்றார். ‘எளியோர் ஏற்றம் பெற எழுந்த ஏந்தல்’ என்றார். அவர் சொல்லச் சொல்ல, இரண்டாம் வரிசையில் இருக்கும் என் மனைவி, யாரைச் சொல்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் எழுந்து நிற்காததால் என்னைத்தான் என்று புரிந்துகொண்டு, அதன்பின் அவர் சிரித்த சிரிப்பை நீங்களே பார்த்தீர்கள். போன மாதம் ஒரு பத்திரிகையில் என்னைச் ‘சமூகத் தொழில்முனைவோர்’ என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“என்னங்க இது, புதுசா ஏதும் வியாதியா?”

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொழில் என்ற சொல்லுக்கும் எனக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. குடைக்கடை வைத்தேன், அந்த ஆண்டு வானம் வாய் திறக்கவில்லை. குளிர்பானக் கடை வைத்தேன்; அந்த ஆண்டு கொட்டோ கொட்டென்று கொட்டித் தீர்த்தது. கடைசியில் சுற்றுவட்டார விவசாயிகள் என்னிடம் வந்து, அடுத்து என்ன கடை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் விதைக்கவே தொடங்கினார்கள். இதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. என் நட்டத்தில் மிகை இல்லை.

அடுத்ததாகச் சந்தைத் தெருவில் சோபாக் கடை திறந்தேன். யோசித்துப் பாருங்கள். விடிந்தால் மூட்டை, பொழுது அடைந்தால் மூட்டை என்று முதுகு ஒடிய மனிதர்கள் நடக்கும் தெரு அது. அந்தத் தெருவில் சாய்ந்துகொள்ளும் வசதியை விற்கப் போன சாணக்கியன் இந்த உலகத்தில் வேறு யார் இருக்க முடியும்? குளிர்சாதனம் வைத்தேன். கூரையில் கொத்துவிளக்கு தொங்கவிட்டேன். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடிக் கதவு மாட்டினேன். ஒரு சோபா விற்றது. அதை வாங்கியவர் என் மைத்துனர், என் மனைவியின் அண்ணன். தங்கை முகத்துக்காக வாங்கினார்.

கடையை இழுத்து மூடிய அன்று அந்த மைத்துனர் என்னை உட்கார வைத்துப் பேசினார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். “நீங்க எதத் தொட்டாலும் நஷ்டம்தான் மாப்ளே. அத மாத்த முடியாது. நஷ்டமே ஆனாலும் நாலு பேர் நல்லவர்னு சொல்ற மாதிரி ஒரு தொழிலாப் பாருங்க.” சமூக அக்கறை எப்படிச் சுடர்விட்டது, சேவைச் சிந்தனை எப்படிச் சிறகு விரித்தது என்று பத்திரிகைக்காரர் கேட்டாரே, அவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். நட்டம் பார்ப்பதில் எனக்கிருந்த பட்டறிவை நாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தோம்.

அதே வாரம் என் தங்கை ஒரு பெரிய மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஏன் விட்டாய் என்று கேட்டேன். “கையை வயித்துல வச்சுப் பார்த்தாலே தெரியிற வலிக்கு, மெஷின்ல படுக்க வைங்கன்னு சொல்றாங்கண்ணா” என்றாள். அவளிடம் கை இருந்தது. என்னிடம் காலிக் கடை இருந்தது. இரண்டையும் சேர்த்தோம், மருத்துவமனை ஆயிற்று.

கட்டணத்தை எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. ஒரே மருந்து பட்டுச் சட்டை போட்டும் வரும், பருத்திச் சட்டை போட்டும் வரும். டப்பாவில் படம் இல்லாத பருத்திச் சட்டைக்காரரை நாங்கள் மொத்தமாக வாங்கினோம். இரத்தம் பார்க்கும் இயந்திரத்தை, எங்களைப் போன்ற சின்னச் சின்ன மருத்துவர்களோடு சேர்ந்து பங்குக்கு வாங்கினோம். தேவையில்லாத சோதனையை என் தங்கை எழுத மாட்டாள். தேவையானதை விடவும் மாட்டாள். ஆகவே ஒரு தேநீரும் இரண்டு பன்னும் என்ன விலையோ, அதுவே மருத்துவரைப் பார்க்கும் விலை என்று வாசலில் பலகை எழுதி வைத்தோம்.

பலகை வைத்தோம், பார்த்திருந்தோம். வழி மேல் விழி வைத்தோம், விழி வலித்தது. வந்தார்களா? வரவில்லை. காய்ச்சலோடு கடந்தார்கள், இருமலோடு கடந்தார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். எங்கள் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. குடைக்கு மழை வரவில்லை, குளிர்பானத்துக்கு வெயில் வரவில்லை, இப்போது மருத்துவமனைக்கு நோயாளி வரவில்லை. என் ராசியால் ஊரே நலமாகிவிட்டது என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோபாக் கடையிலிருந்து மிச்சமான மானம் அது ஒன்றுதான். தினமும் காலையில் நானே துணியும் கையுமாக நின்று துடைப்பேன். துடைத்த துடைப்பில், கதவு இருப்பதே தெரியாமல் ஒருநாள் உள்ளேயிருந்து வேகமாக நடந்து அதில் முட்டிக்கொண்டேன். எங்கள் மருத்துவமனைக்கு வந்த முதல் நோயாளி நான்தான். என் தங்கை மூக்குக்கு மருந்து போட்டுவிட்டுக் கட்டணமும் கேட்டாள்.

என்ன கேட்கிறீர்கள்? கொடுத்தேனா என்றா? இன்னும் இல்லை ஐயா, அண்ணன் என்ற உரிமை எதற்கு இருக்கிறது.

தெருவுக்கு எதிர்ப் பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்கும் அம்மா ஒருவர் உண்டு. தினமும் காலையில் தெருவைக் கடந்து கதவருகே வருவார். உள்ளே உற்றுப் பார்ப்பார். முடியை ஒதுக்குவார். இலேசாகச் சிரிப்பார். நான் பரபரவென்று எழுந்து, வாங்க வாங்க என்று தலையாட்டுவேன், கையாட்டுவேன். அவர் திரும்பிப் போய்விடுவார். கூச்சப்படுகிறார், நாளைக்கு வந்துவிடுவார் என்று நினைப்பேன். மாதக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் வீட்டில், எதிர்க்கடை அம்மா தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் என் மனைவி மருத்துவமனையில் இருந்தார். வெளியே போய் நின்று பார்த்தார். சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“வெளியில வெயில் அடிக்குது, உள்ள இருட்டா இருக்கு. அங்கேருந்து பார்த்தா அவங்கவங்க மூஞ்சிதான் தெரியுது. அந்தம்மா உங்களப் பார்க்கல, தலை சீவிக்கிறாங்க. உங்களப் பார்த்து யாரு சிரிப்பா?”

பெரியோர்களே, அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்ததா? என் புத்தி என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? கதவில் ‘வருக’ என்று தங்க நிறத்தில் எழுதி ஒட்டினேன். அதைப் பார்த்த பிறகு, எப்போதாவது எட்டிப் பார்த்தவர்களும் எட்ட நின்றுகொண்டார்கள்.

இப்போதுதான் நம் சிறப்பு விருந்தினர் வருகிறார். தக்காளி இறக்க வந்த லாரியைப் பின்னால் எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். தெருவே கூவியது. அவருக்குக் கேட்கவில்லை. நானும் என் தங்கையும் உள்ளறையில் இருந்தோம், அதனால் பிழைத்தோம். என் மானம், என் மாண்பு, நான் துடைத்துத் துடைத்து வளர்த்த கதவு, தூள் தூளாகித் தரையெங்கும் கிடந்தது. ஓட்டுநர் குதித்து இறங்கி, அதை வெறுங்கையால் அள்ளப் பார்த்துக் கையைக் கிழித்துக்கொண்டார். ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. இரத்தம் சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்று சொன்னார்: “கண்ணாடியில ரோடு தெரிஞ்சுது சார். ரோடுதான்னு நெனச்சு வந்துட்டேன்.” அப்போதும் என் மனம் என்ன நினைத்தது தெரியுமா? எவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தால் ரோடே தெரிந்திருக்கும் என்று நினைத்தது.

ஓட்டுநர் முகத்தை மூடிக்கொள்கிறார். மூடாதீர்கள் ஐயா. இந்த மேடையில் மாலை போட வேண்டிய ஒரே மனிதர் நீங்கள்தான்.

விபத்து என்றால் வேடிக்கை பார்க்க வராத மனிதர் உண்டா? சந்தையே திரண்டது. வாசல் இருந்தது, கதவு இல்லை. கூட்டம் அப்படியே உள்ளே வந்தது. ஓட்டுநரின் கையிலிருந்து என் தங்கை கண்ணாடிச் சில்லுகளை எடுத்துத் தையல் போட்டதை, விற்காத என் சோபாக்களில் வசதியாக உட்கார்ந்து பார்த்தது. முடிந்ததும் ஒருவர், இதற்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு மூட்டை தூக்கும் ஒருவர் சட்டையை இறக்கி, அப்படியென்றால் இந்தத் தோளையும் கொஞ்சம் பாருங்கள் என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பல்வலி. பல்வலிக்குப் பின்னால் ஒரு பழைய இருமல். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வைத்தியம் பார்க்க உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் பழக்கடை அம்மாவும் இருந்தார். விலையைக் கேட்டதும் எழுந்து ஓடினார். திரும்பி வரும்போது தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழங்களை இறக்கிவிட்டு, வண்டியின் மேல் தன் கணவரைப் படுக்க வைத்திருந்தார். கதவு இருந்திருந்தால் அந்த வண்டி உள்ளே நுழைந்திருக்காது. அவர் காலில் சர்க்கரைப் புண். சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும், எதற்கும் அசையாத என் தங்கையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

எதிரிலேயே இருந்துகொண்டு ஏன் அம்மா வரவில்லை, பலகையைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

“படிச்சேன் தம்பி. இவ்ளோ பெரிய கண்ணாடி போட்டவங்க இவ்ளோ கம்மியாவா வாங்குவாங்க? உள்ள போனதும் வேற விலை சொல்வாங்கன்னு நெனச்சேன். அத்தனை பேர் முன்னாடி இல்லேன்னு சொல்லிட்டுத் திரும்பி வரணுமே.”

பெரியோர்களே, தாய்மார்களே, இந்த ஒரு இடத்தில் மட்டும் என்னால் கேலி பேச முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, வேதனையாக இருந்தது. விலையைக் குறைத்தேன்; வாசலின் மிரட்டலைக் குறைக்கத் தெரியவில்லை. உள்ளே மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், மனமும் இருந்தது. ஒரு மனிதரின் கால் தெருவுக்கு எதிர்ப் பக்கம் அழுகிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றது எது? பசியா? பகையா? பஞ்சமா? நான் பளபளக்கத் துடைத்த ஒரு பலகைக் கண்ணாடி.

கால் பிழைத்தது. சுண்டுவிரல் மட்டும் போனது. அதோ, அவரும் வந்திருக்கிறார், கை தூக்குகிறார். போதும் ஐயா, காலைத் தூக்கிக் காட்ட வேண்டாம், மேடைக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

அடுத்த வாரம் புதிய கதவுக்கு அளவெடுக்க நம் தலைவர் அவர்களையே அழைத்திருந்தேன். ஆம், புத்தி அப்போதும் பாதி வழியில்தான் வந்துகொண்டிருந்தது. அவர் அளவுநாடாவை இழுத்ததும் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பழக்கடை அம்மா கேட்டார்: “எதுக்குக் கதவு? மூடப் போறீங்களா?” நான் தலைவரைப் பார்த்தேன், தலைவர் நாடாவைப் பார்த்தார், நாடா தானாகச் சுருண்டுகொண்டது. கதவு வேண்டாம் என்று அன்று சொல்லி அனுப்பினேன். இரவில் இழுத்துவிட ஓர் இரும்பு ஷட்டர், சிகிச்சை அறைக்கு மட்டும் ஒரு கதவு, அவ்வளவுதான். தூசி வரும், துடைப்போம். ஒரு நாயும் வந்தது. என்னைவிட அமைதியாகக் காத்திருந்தது.

ஆண்டு முடிந்ததும் மைத்துனர், நட்டம் எவ்வளவு என்று பார்க்க ஆர்வமாக வந்தார். நட்டம் இல்லை. வாடகை போக, மருந்து போக, சம்பளம் போக, கையைக் கடிக்கவில்லை. அவர் என் சோபா ஒன்றில் சாய்ந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் தோற்ற நான், தோற்பதற்கென்றே தொடங்கிய தொழிலில் தோற்க முடியாமல் தோற்றுப்போனேன். இப்போது எங்கள் வாசலில் வசை கேட்காத நாளில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று பழக்கடை அம்மா திட்டுகிறார், மூட்டைக்காரர் முறைக்கிறார். இலவசமாகக் கொடுத்திருந்தால் வாய்மூடி வாங்கிப் போயிருப்பார்கள். காசு கொடுத்தவருக்குத் திட்டும் உரிமை உண்டு. கையேந்தி வரவில்லை, கணக்காகக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்ற நிமிர்வு அது. அந்தத் திட்டுதான் நாங்கள் வாங்கிய பட்டம், பதக்கம், பாராட்டு எல்லாம்.

இன்று நம் இரண்டாவது மருத்துவமனை. இதோ, உங்கள் முதுகுக்குப் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கம். காலையில் நான் வந்து இறங்கியதும் ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருந்தது. அன்று காசில்லாமல்தான் நான் கதவு வேண்டாம் என்றேன் என்று நினைத்து, நம் தலைவர் அதை இத்தனை காலம் மனத்தில் வைத்திருந்து, இன்று தன் சொந்தச் செலவில், ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு ஒன்றை மாட்டி, சிவப்பு ரிப்பனும் கட்டி வைத்திருக்கிறார். பெரிய மனம் ஐயா உங்களுக்கு. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஐயா, அந்தக் கதவில் இந்த மேடை முழுதும் தெரிகிறது. பேசும்போது நான் இவ்வளவு கோணலாகக் கையை ஆட்டுவேன் என்று இன்றுதான் எனக்கே தெரிந்தது. உள்ளே இருப்பது ஒன்றும் தெரியவில்லை.

கைதட்ட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். நான் பேசிக்கொண்டிருந்தபோதே ஒன்று நடந்தது. நீங்கள் என்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தையல் கடை ஓரத்தில் ஓர் அம்மா, தோளில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளை தலையையே தூக்கவில்லை. சற்றுமுன் அவர் கதவுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றார். பார்த்தார். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். பிள்ளையின் முகத்தைத் துடைத்தார். திரும்பிப் போய் மறுபடி அங்கேயே நின்றுகொண்டார்.

தலைவர் அவர்களே, உங்களிடம் ஒரு வரம் கேட்கிறேன். கதவு கொடுத்த கையே அந்தக் கதவைக் கழற்ற வேண்டும். எந்த வாசலில் ஏழைக்குத் தன் முகம் மட்டும் தெரிகிறதோ, அது வாசல் ஆகுமா? எந்தக் கட்டணம் வாசலுக்குள் போனால்தான் நம்பத் தோன்றுமோ, அது குறைந்த கட்டணம் ஆகுமா? மருந்து மலிவானால் போதுமா? மனிதர் நுழைய வேண்டாமா? மறுத்துவிடாதீர்கள் ஐயா. மறுத்தால், ஓட்டுநரும் வந்திருக்கிறார், அவருடைய லாரியும் அதோ அந்த முனையில்தான் நிற்கிறது.

சிரிக்கிறார். தலைவர் சிரிக்கிறார். எழுந்துவிட்டார். என்ன ஐயா சொல்கிறீர்கள்? கூட்டத்துக்கும் கேட்கட்டும். “கழட்டிருங்கப்பா” என்கிறார். தன் ஆட்களைத்தான் சொல்கிறார். அவர்களும் போகிறார்கள். அடுத்ததாக, இவ்வளவு பெரிய கண்ணாடியை என்ன செய்வது என்று கேட்கிறார். உள்ளே, காத்திருக்கும் கூடத்தின் சுவரில் மாட்டிவிடுங்கள் ஐயா. தலை சீவ வருகிறவர்கள் அப்படியே இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு போகட்டும்.

இனி ரிப்பன் வெட்டுதல் என்று நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. அதற்கு என் தங்கையை அழைக்க வேண்டும். எங்கே? நாற்காலியில் கைக்குட்டை மட்டும் இருக்கிறது. ஓ, அதோ. நான் நியாயம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் இறங்கிப் போய்விட்டாள். தையல் கடை ஓரத்தில் நிற்கிறாள். பிள்ளையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வாசலுக்கு வந்துவிட்டார்கள், கதவு தானே விலகுகிறது. ரிப்பனைக் கையால் தூக்கிப் பிடிக்கிறாள், அந்த அம்மா குனிந்து உள்ளே போகிறார்.

மருத்துவமனை திறந்தாயிற்று. இதற்கு மேல் நான் பேசினால் அது வெறும் சத்தம். கேட்ட காதுகளுக்கும், பொறுத்த மனங்களுக்கும், கதவைக் கொடுத்தவருக்கும், அதற்கு முன்னால் உடைத்தவருக்கும் நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள். இல்லாவிட்டால், கூச்சப்படாமல் உள்ளே வாருங்கள். வணக்கம்.